கசிவது தண்ணீர் மட்டுமல்ல

பழைய டிஷ்வாஷர்களின் மின்கோளாறுகளில் பல சிறியவை. வரிசையாகத் தேடினால் அகப்படுபவை. அவற்றை மறைக்கச் செய்யப்படும் அவசர வைத்தியம்தான் ஆளைக் கொல்லக்கூடியது.

இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களை அடுக்கி, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்துகிறார்கள். தண்ணீர் உள்ளே போகும் சத்தம் கேட்கிறது. மோட்டார் ஓடத் தொடங்குகிறது. பத்து நிமிடம் கழித்து வீடு முழுக்க இருட்டு. எதிர் ஃபிளாட்டில் விளக்கு எரிகிறது, லிஃப்ட் ஓடுகிறது. மீட்டர் பெட்டியைத் திறந்தால் ஒரே ஒரு சுவிட்ச் மட்டும் கீழே விழுந்திருக்கிறது. தூக்கிவிட்டால் விளக்கு வருகிறது. இயந்திரத்தை மறுபடி ஓட்டினால் அதே பத்தாவது நிமிடத்தில் அதே இருட்டு.

தில்லி, குருகிராம், மும்பை, பெங்களூர் அடுக்குமாடி வீடுகளில் டிஷ்வாஷர் வைத்திருக்கும் பலருக்குப் பழக்கமான காட்சி இது. மறுநாள் வரும் மெக்கானிக் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் சொல்வார். "போர்டு போய்விட்டது, கிடைக்காது." "மெஷின் பழசு, புதிது வாங்கிவிடுங்கள்." மூன்றாவது செலவே இல்லாதது: "எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் ட்ரிப் ஆகாது." முதல் இரண்டும் பணத்துக்குக் கேடு. மூன்றாவது உயிருக்கு.

இந்தச் சாதனம் புதிதல்ல. அமெரிக்காவில் ஜோசபின் காக்ரேன் 1886லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரங்கள் ஓடின. இந்தியச் சமையலறைக்குள் அது நுழையத் தயங்கியதற்குக் காரணங்கள் பல. எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையும் ஏறிய கடாய், அடிப்பிடித்த குக்கர், நேரத்துக்கு வராத தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலாகக் குறைந்த கூலிக்குப் பாத்திரம் தேய்க்கக் கிடைத்த பெண்கள். 1991க்குப் பிறகு சந்தை திறந்தபோதும் வாஷிங் மெஷின் பிடித்த இடத்தை டிஷ்வாஷரால் பிடிக்க முடியவில்லை. 2020 ஊரடங்கில் வீட்டு வேலைக்கு வருபவர்கள் வர முடியாமல் போனதும் நிலைமை தலைகீழானது. கடைகளில் இருப்புத் தீரும் அளவுக்கு விற்பனை எகிறியது.

அப்போது வாங்கியவற்றில் பெரும்பாலானவை உத்தரவாதக் காலத்தைத் தாண்டிவிட்டன. வெளிநாட்டிலிருந்து வீடு மாற்றிக்கொண்டு வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த, இருபது வயதைக் கடந்த இயந்திரங்களும் சில வீடுகளில் உண்டு. கோளாறு தலைகாட்டும் பருவம் இது.

உள்ளே என்ன இருக்கிறது?

இயந்திரத்தின் அடியில், முன்பக்கம் இருக்கும் தகட்டைக் கழற்றிப் பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். அவ்வளவு எளிய அமைப்பு. தண்ணீரை உள்ளே விட ஒரு வால்வு. அதைச் சுழற்றிப் பாத்திரங்கள் மீது பீய்ச்ச ஒரு பெரிய பம்ப். அழுக்குத் தண்ணீரை வெளியேற்ற ஒரு சிறிய பம்ப். தண்ணீரைச் சூடாக்க ஒரு ஹீட்டர். சோப்புப் பெட்டியைத் திறக்க ஒரு சின்னக் காயில். தண்ணீர் போதுமா, சூடு போதுமா, கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கச் சில சுவிட்சுகள்.

இவை அனைத்துக்கும் கட்டளையிடும் இடம்தான் பழைய இயந்திரத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம். பழையவற்றில் அது ஒரு டைமர். கடிகாரம் போல மெல்லச் சுழலும் சிறு மோட்டார் ஒன்று பல்சக்கரங்களை நகர்த்த, அவற்றின் மேடு பள்ளங்கள் தொடுமுனைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும், பிரிக்கும். பிற்கால இயந்திரங்களில் அந்த வேலையை மின்னணு போர்டும் அதிலுள்ள ரிலேக்களும் செய்கின்றன. கட்டளையிடுவது எதுவானாலும் வேலை நடக்கும் வரிசை ஏறக்குறைய ஒன்றே. முதலில் மிச்சத் தண்ணீர் வெளியேறும், பிறகு புதுத் தண்ணீர் வரும், பம்ப் சுழலும், ஹீட்டர் சேரும், சோப்பு விழும், அழுக்குத் தண்ணீர் வெளியேறும், அலசல் நடக்கும், கடைசியில் உலர்த்தல்.

இந்த வரிசை தெரிந்தவருக்குக் கோளாறு எங்கே என்பதில் பாதி தெரிந்துவிடும். எந்தப் பாகம் வேலைக்கு வரும் நொடியில் இயந்திரம் நிற்கிறதோ, முதல் சந்தேகம் அந்தப் பாகத்தின் மேல்தான். பிளக்கைச் செருகியதுமே ட்ரிப் ஆனால் கம்பியையோ, உள்ளே மின்சாரம் நுழையும் இடத்திலுள்ள ஃபில்டரையோ பார்க்க வேண்டும். தண்ணீர் வரத் தொடங்கும்போது என்றால் வால்வின் காயில். தண்ணீர் நிரம்பி மோட்டார் கிளம்பும்போது என்றால் மோட்டார். எல்லாம் நன்றாக ஓடிச் சில நிமிடம் கழித்து என்றால் ஹீட்டர். நேரம் ஒரு நாளைப் போல ஒரு நாள் இல்லாமல் மாறினால், எங்கோ தண்ணீர் சொட்டி மின் இணைப்புகள் மேல் விழுகிறது என்று பொருள். மேலே சொன்ன பத்தாவது நிமிட இருட்டு அநேகமாக ஹீட்டரின் வேலை. போர்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு குறைவு.

ஆகவே மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் வீட்டுக்காரர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியத்துக்குக் கருவி எதுவும் தேவையில்லை. கடிகாரத்தைப் பார்த்து, எத்தனையாவது நிமிடத்தில், எந்தச் சத்தத்துக்குப் பிறகு நின்றது என்று ஒரு தாளில் குறித்துவைத்தால் போதும்.

விழுந்த சுவிட்ச் எது?

அடுத்த கேள்வி, விழுந்தது எந்த சுவிட்ச் என்பது. மீட்டர் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வகைச் சுவிட்சுகளுக்கும் வேலை வேறு. எம்.சி.பி. என்பது அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் விழும். இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டாலோ, தாங்க முடியாத சுமை ஏறினாலோ அது துண்டிக்கும். கம்பி எரியாமல் காப்பது அதன் பொறுப்பு.

ஆர்.சி.சி.பி.யின் பொறுப்பு மனிதரைக் காப்பது. ஃபேஸ் கம்பி வழியே போகும் மின்னோட்டம் அத்தனையும் நியூட்ரல் வழியே திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. கணக்கு குறைந்தால், காணாமல் போன மின்சாரம் வேறு வழியில், அதாவது இயந்திரத்தின் உடல் வழியாகவோ ஒரு மனிதரின் உடல் வழியாகவோ, பூமிக்குப் போகிறது என்று அர்த்தம். உடனே துண்டித்துவிடும். வீட்டு இணைப்புகளுக்கு இந்தக் கசிவின் வரம்பு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகள் வகுத்தன.

ஹீட்டரில் கசிவு எப்படி வருகிறது? வெளியே தெரியும் உலோகக் குழாய்க்குள் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. சுருளுக்கும் குழாய்க்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது என்பதால்தான் அந்தப் பொடி. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. குழாயின் முனையிலுள்ள அடைப்பு விரிசல் விட்டாலோ, உப்புப் படிந்து சூடேறிக் குழாயே வெடித்தாலோ, ஈரம் உள்ளே போகும். ஈரமான பொடி மின்சாரத்தைக் கசியவிடும். பல மாதம் பூட்டிக்கிடந்த வீட்டில் இயந்திரத்தை முதல் முறை ஓட்டும்போது ட்ரிப் ஆவதும் இதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்கச் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஓரளவுக்கு உதவும். பிளக்கைப் பிடுங்கி, ஹீட்டரின் இணைப்புகளைக் கழற்றி அளந்தால், 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் சுமார் 26 ஓம், 1800 வாட் ஹீட்டர் சுமார் 29 ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்சுருள் அறுந்துவிட்டது. சுருளின் முனைக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே அளந்தால் மீட்டர் எதையும் காட்டக் கூடாது. காட்டினால் கசிவு உறுதி. ஆனால் காட்டாவிட்டால் கசிவு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. மல்டிமீட்டரின் சின்ன பேட்டரிக்கு மடங்கிய கசிவு 230 வோல்ட்டுக்குத் தலைதூக்கும். அதனால்தான் எலக்ட்ரீஷியன்கள் 500 வோல்ட் கொடுத்து அளக்கும் மெக்கர் என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒரு மெகா ஓம்முக்குக் கீழே காட்டும் ஹீட்டரை நம்பக் கூடாது. மெக்கர் இல்லாமல் வந்து 'ஹீட்டர் நன்றாக இருக்கிறது, போர்டுதான் போச்சு' என்று சொல்பவரிடம், எதை வைத்து அளந்தார் என்று கேட்பதில் தவறே இல்லை.

எர்த்தைக் கழற்றினால்

எர்த் கம்பியைக் கழற்றினால் ட்ரிப் நின்றுவிடும் என்பது உண்மைதான். ஹீட்டரில் கசியும் மின்சாரம் அதுவரை இயந்திரத்தின் உலோக உடலுக்கு வந்து, எர்த் கம்பி வழியே பூமிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வழியை அடைத்துவிட்டால் கசிவு எங்கும் போக முடியாது, ஆர்.சி.சி.பி. கணக்கிலும் குறை தெரியாது. தண்ணீர் வரும் குழாயும் போகும் குழாயும் பிளாஸ்டிக் என்பதால் அவற்றின் வழியாகவும் பூமிக்கு வழியில்லை. மின்சாரம் இயந்திரத்தின் கதவிலும் பக்கத் தகட்டிலும் காத்திருக்கும். இயந்திரம் பிரச்சினை இல்லாமல் ஓடுவதுபோல் தோன்றும்.

ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று, ஒரு கை சிங்க்கின் குழாயிலும் மறு கை டிஷ்வாஷர் கதவிலும் வைப்பவர் அந்த விடுபட்ட வழியைப் பூர்த்தி செய்வார். ஆர்.சி.சி.பி. இருந்தால் அது அந்த நொடியில் விழ வேண்டும்; ஆனால் ஷாக் அடித்த பிறகே விழும். எர்த் கழன்ற வீட்டில் அது ஒன்றுதான் மிச்சமிருக்கும் காவல். அதையும் தொல்லை என்று எடுத்துவிட்டு வெறும் எம்.சி.பி. மட்டும் வைத்துக்கொண்ட வீடுகள் உண்டு. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ வேண்டுமானால் 30 மில்லி ஆம்பியரைப் போல ஐந்நூறு மடங்குக்கு மேல் மின்னோட்டம் வேண்டும். மனித உடல் வழியே அவ்வளவு பாயாது. அதில் மிகச் சிறு பகுதியே இதயத்தை நிறுத்தப் போதும். எம்.சி.பி. அசையாமல் நிற்கும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021ல் மட்டும் மின்சாரம் தாக்கி நாட்டில் 12,000க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வயலில், கம்பத்தில், கட்டட வேலையில் என்று அது எல்லா இடங்களையும் சேர்த்த கணக்கு. ஆனால் எர்த் இல்லாத உலோகப் பெட்டி ஆபத்தானது என்ற விதி வயலுக்கும் சமையலறைக்கும் பொது. இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. டிஷ்வாஷர் வாங்கிய வீடுகளிலும் அதில் பாத்திரம் அடுக்குவதும் எடுப்பதும் பல நேரம் வேலைக்கு வரும் பெண்தான். எர்த்தைக் கழற்ற ஒப்புக்கொள்பவர் ஒருவர். கதவைத் தொடப் போகிறவர் வேறொருவர்.

எர்த்தே இல்லாத பழைய கட்டடங்களில் வேறொரு குறுக்கு வழி நடப்பதுண்டு. சாக்கெட்டுக்குள் நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்துவிடுவார்கள். பார்வைக்கு எர்த் இருப்பதுபோல இருக்கும். ஆனால் நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்த அன்று இயந்திரத்தின் உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். சாக்கெட்டில் உண்மையான எர்த் இருக்கிறதா என்பதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிப்பது, இயந்திரத்தைச் சோதிப்பதற்கு முந்தைய வேலை.

வேஷம் போடும் கோளாறுகள்

மின்கோளாறு போலத் தோன்றி வேறு எதுவாகவோ இருப்பவை ஒரு தனி ரகம். போர்டும் டைமரும் அநியாயமாகப் பழி சுமப்பது இங்கேதான்.

பழைய டைமர் இயந்திரம் ஒன்று கழுவிக்கொண்டே இருக்கிறது, மணிக்கணக்கில் முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். குமிழ் நகரவில்லை, எனவே டைமர் கெட்டுவிட்டது என்று தோன்றும். ஆனால் பல மாடல்களில், தண்ணீர் குறிப்பிட்ட சூட்டை எட்டும்வரை டைமர் தானாகவே காத்திருக்கும்படி அமைத்திருப்பார்கள். ஹீட்டர் அறுந்திருந்தாலோ தெர்மோஸ்டாட் வேலை செய்யாவிட்டாலோ சூடு வராது; டைமர் சொன்னபடி காத்துக்கொண்டே இருக்கும். குற்றம் ஹீட்டருடையது; மாட்டிக்கொள்வது டைமர்.

அடுத்தது, தண்ணீர் சூடாகவே இல்லை, ஆனால் ஹீட்டர் சரியாக 26 ஓம் காட்டுகிறது. சில இயந்திரங்களில் பம்ப் போதுமான வேகத்தில் தண்ணீரைத் தள்ளினால்தான் ஒரு அழுத்த சுவிட்ச் சேர்ந்து ஹீட்டருக்கு மின்சாரம் விடும். அடியிலுள்ள வடிகட்டியில் சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் அடைத்துக்கொண்டால் அழுத்தம் குறையும்; ஹீட்டர் சேராது. வைத்தியம், வடிகட்டியைக் கழற்றிப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்ப்பது.

மூன்றாவது, பிளக்கைப் போட்டதுமே தண்ணீரை வெளியேற்றும் பம்ப் ஓடத் தொடங்குகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. பல இயந்திரங்களின் அடித்தட்டில் ஒரு மிதவை உண்டு. எங்காவது கசிந்து அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் மிதவை எழும்பி, வீடு வெள்ளமாகாமல் இருக்கத் தண்ணீர் வரவை நிறுத்தி, வெளியேற்றும் பம்பை ஓட்டும். அடித்தட்டைத் துடைத்து உலர்த்தினால் இயந்திரம் பழையபடி ஓடும். ஆனால் தண்ணீர் எங்கிருந்து சொட்டியது என்று தேடாவிட்டால் சில நாளில் மறுபடி அதே கதை. மிதவை சுவிட்சையே துண்டித்துவிடுவது, எர்த்தைக் கழற்றுவதன் தம்பி.

நான்காவது, ஒரு சத்தமும் இல்லை, விளக்கும் எரியவில்லை. பழைய இயந்திரத்தில் இதற்குப் பெரிய காரணத்தைத் தேடுமுன் கதவைப் பார்க்க வேண்டும். கதவு பூட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கும் சின்ன சுவிட்ச் தேய்ந்திருக்கலாம். பொத்தான்கள் கதவில் இருக்கும் மாடல்களில், அங்கே போகும் கம்பிக் கற்றை கீல் பக்கமாக வளைந்து செல்கிறது. தினம் நாலு முறை திறந்து மூடினால் பத்து வருடத்தில் பதினான்காயிரம் முறைக்கு மேல் வளையும். ரப்பர் உறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். கதவைக் கொஞ்சம் அசைத்தால் விளக்கு வந்து வந்து போவது இதன் அடையாளம்.

மோட்டார் உறுமுகிறது, சுழலவில்லை என்றால் அதன் கெபாசிடர் பலவீனமாகியிருக்கலாம். அல்லது பல மாதம் ஓடாததால் பம்பின் இறக்கை ஒட்டிக்கொண்டிருக்கலாம்; உடைந்த கண்ணாடித் துண்டோ புளியங்கொட்டையோ சிக்கியிருக்கலாம். கெபாசிடர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதால் தெரியாதவர்கள் அதில் கை வைக்கக் கூடாது.

நம் நாட்டுக் காரணங்கள்

ஐரோப்பியச் சமையலறைக்காக வடிவமைத்த இயந்திரம் இங்கே சந்திக்கும் சோதனைகள் வேறு. முதலாவது தண்ணீர். குருகிராம், நொய்டா, பெங்களூர் என்று ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருக்கும் குடியிருப்புகளில் தண்ணீர் கடினமானது. அதன் சுண்ணாம்பு ஹீட்டர் மேல் படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்கும். சுருள் அளவுக்கு மீறிக் காய்ந்து அறுந்துவிடும். இயந்திரத்திலுள்ள உப்பு அறையைக் காலியாக விடாமல் இருப்பது பாத்திரத்தின் பளபளப்புக்காக மட்டுமல்ல, ஹீட்டரின் ஆயுளுக்காகவும்தான்.

இரண்டாவது மின்சாரம். தெருவில் மும்முனை இணைப்பின் நியூட்ரல் அறுந்தால் சில வீடுகளுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட் வரை வந்துவிடும். அன்று உண்மையாகவே போர்டு போகும். பல போர்டுகளில், அதிக மின்னழுத்தத்தைத் தன் மேல் வாங்கிக்கொண்டு கருகிப் போவதற்கென்றே வேரிஸ்டர் என்ற வட்டமான சிறு பாகமும் கூடவே ஒரு ஃபியூஸும் இருக்கும். அவை இரண்டை மட்டும் மாற்றிப் பிழைத்த போர்டுகள் உண்டு. ரிலேயின் அடியில் பற்றுவைத்த இடம் விரிசல் விட்டிருப்பதும் அடிக்கடி காணும் கோளாறு. சால்டரிங் தெரிந்தவருக்குச் சில நிமிட வேலை.

மூன்றாவது சாக்கெட். 2000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதைச் சிறிய 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ கன்வர்டர் பிளக் மூலம் செருகினால் பின்கள் சூடேறிக் கருகும். பிளக்கின் பின் ஒன்று பழுப்பு நிறமாகியிருந்தால் குற்றவாளி சுவரில் இருக்கிறது. நான்காவது, சூடும் ஈரமும் தேடி அடியில் குடியேறும் கரப்பான்பூச்சி, கம்பியைக் கடிக்கும் எலி, போர்டின் மேல் குறுக்கே விழுந்து தானும் கருகிப் போர்டையும் கருக்கும் பல்லி.

எந்த வரிசையில் தேடுவது?

1. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவர் சுவிட்சை அணைப்பது போதாது. அது பெரும்பாலும் ஃபேஸை மட்டுமே துண்டிக்கும். தண்ணீர்க் குழாயையும் மூடுங்கள்.

2. அதே சாக்கெட்டில் வேறொரு பெரிய சாதனம் ஓடுகிறதா என்று பாருங்கள். பிளக் பின்களின் நிறத்தையும், சாக்கெட்டில் இறுக்கத்தையும் கவனியுங்கள்.

3. விழுந்தது எம்.சி.பி.யா, ஆர்.சி.சி.பி.யா என்று குறித்துக்கொள்ளுங்கள். எத்தனையாவது நிமிடம் என்பதையும் எழுதுங்கள். காரணம் தெரியாமல் இரண்டாவது முறைக்கு மேல் தூக்கிவிட வேண்டாம்.

4. வடிகட்டி, கதவுப் பூட்டு, அடித்தட்டில் தண்ணீர் ஆகிய மூன்றையும் பாருங்கள். இவற்றுக்கு மீட்டர் தேவையில்லை.

5. இதற்கு மேல் அளப்பவர் விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டும். கழற்றுமுன் ஒவ்வொரு இணைப்பையும் படமெடுத்துக்கொள்ளட்டும். ஹீட்டர், கதவு சுவிட்ச், வால்வு காயில், பம்புகள் என்று முடித்த பிறகே போர்டுக்குப் போக வேண்டும்.

6. தகட்டைக் கழற்றிய நிலையில் மின்சாரத்தைப் போட்டுச் சோதிப்பது வீட்டுக்காரர் வேலையல்ல.

7. பழுது முடிந்ததும், பிளக்கின் எர்த் பின்னிலிருந்து இயந்திரத்தின் உடல்வரை இணைப்பு இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு ஓம்மைக்கூடத் தாண்டக் கூடாது. ஆர்.சி.சி.பி.யிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தினால் அது விழுகிறதா என்றும் பாருங்கள்.

பாகம் கிடைக்குமா?

கோளாறைக் கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான தலைவலி. தில்லியில் பகீரத் பேலஸும் லஜ்பத் ராய் மார்க்கெட்டும், மும்பையில் லேமிங்டன் சாலையும், பெங்களூரில் எஸ்.பி. சாலையும், சென்னையில் ரிச்சி தெருவும் இந்தியாவின் பழுதுநீக்கும் திறமையைத் தாங்கிப் பிடிக்கும் சந்தைகள். ரிலே, கெபாசிடர், வேரிஸ்டர், சின்ன சுவிட்ச் போன்ற பொதுப் பாகங்களை இங்கே தேடிப் பிடித்துவிடலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட மாடலின் வளைவுக்கு ஏற்ற ஹீட்டரும், எழுதப்பட்ட புரோகிராமுடன் கூடிய போர்டும் தயாரிப்பாளரிடம்தான் கிடைக்க வேண்டும். அவர் கைவிரித்தால் ஒரு ஹீட்டருக்காக முழு இயந்திரமும் பழைய சாமான்காரரிடம் போகும். தில்லி சீலம்பூர் போன்ற இடங்களில் அதன் துருப்பிடிக்காத எஃகும் மோட்டாரின் செம்பும் எடைக்குப் பிரித்தெடுக்கப்படும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஒரு விதி வகுத்துள்ளது. 2021 மார்ச் முதல் அங்கே விற்பனைக்கு வரும் வீட்டு டிஷ்வாஷர்களுக்கு, அந்த மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 7 ஆண்டுகளுக்கு மோட்டார், பம்ப், ஹீட்டர், மின்னணு போர்டு ஆகியவை தொழில்முறைப் பழுதுநீக்குபவர்களுக்குக் கிடைக்க வேண்டும். கதவுக் கீல், ரப்பர், வடிகட்டி போன்றவை 10 ஆண்டுகளுக்குப் பயனீட்டாளர்களுக்கே கிடைக்க வேண்டும். கேட்ட பாகம் 15 வேலை நாட்களில் வந்து சேர வேண்டும்.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்து ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், கைபேசிகள், வாகனங்களுடன் வீட்டுச் சாதனங்களும் அதன் வரம்பில் இருந்தன. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, தயாரிப்பாளர்களின் கையேடுகளையும் உதிரிப் பாகத் தகவல்களையும் ஒரே இடத்தில் தர இணையதளம் தொடங்கப்பட்டது. அது தகவல் தொகுப்புதான்; ஐரோப்பாவைப் போலக் காலக்கெடுவும் கட்டாயமும் அதில் இல்லை.

வெளியேறும் வாசலில் மட்டும் விதி வந்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய மின்னணுக் கழிவு விதிகள் 106 வகைப் பொருட்களுக்குப் பொருந்தும். டிஷ்வாஷரும் அதில் அடக்கம். இயந்திரம் கழிவான பிறகு அதற்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. கழிவாகாமல் இருக்க ஹீட்டரும் போர்டும் தருவதற்கு அதே அளவு பொறுப்பு இன்னும் வரவில்லை.

அதுவரை, பழைய இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு காரியங்கள் கைவசம் உண்டு. ஒன்று, எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் ஒழுங்காக இருப்பதை உறுதிசெய்து, இரண்டிலும் கைவைக்க யாரையும் அனுமதிக்காமல் இருப்பது. மற்றொன்று, பல பழைய மாடல்களில் அடித்தகட்டின் பின்னாலோ கதவின் உட்புறமோ மின்சுற்று வரைபடம் ஒன்றை மடித்து வைத்திருப்பார்கள். கழற்றும்போது அது குப்பைக்குப் போய்விடாமல் எடுத்து, படமெடுத்து, பத்திரப்படுத்துங்கள். அடுத்து வரும் மெக்கானிக் போர்டு போச்சு என்று சொன்னால், எந்தக் கோட்டில் போச்சு என்று கேட்க அது உதவும்.